கைக்குக் காத்திருந்த பாவு

என் தம்பி சாராயம் காய்ச்சியவன் இல்லை. இதை நான் சொல்லாமல் விட்டால் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் வேறு யாரும் சொல்லப்போவதில்லை. அவன் விற்றதெல்லாம் அரசாங்கக் கடையில் வாங்கிய பாட்டில்தான். ராத்திரி கடை மூடுவதற்கு முன் வரிசையில் நின்று வாங்கி வைத்துக்கொள்வான். மறுநாள் மதியம்தான் கடை திறக்கும். அதற்கு முன்பே கை நடுங்க எழுந்து வருகிறவர்களுக்கு விடியற்காலையில் விலையைக் கொஞ்சம் கூட்டி வைத்து விற்பான். அதே பாட்டில், அதே சீல். மதியத்துக்கு மேல் அவர்கள் விற்றால் அரசாங்கத்துக்கு வருமானம், மதியத்துக்கு முன் இவன் விற்றால் குற்றம். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று சொல்வார்களே, அதற்குச் சட்டமே போட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது.

அதற்காக நான் அவனுக்குப் பரிந்து பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அவனைப் பிடித்துக்கொண்டு போன அன்று நான் அழவில்லை. அழ வைத்தது அவன் பெண்.

தம்பி எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தான். நெய்தவன்தான். நெய்வது பிடிக்காமல் தறியைப் பிரித்து விற்றுவிட்டு ஆட்டோ வாங்கினான். கோயிலுக்கு வருகிற வெளியூர்க்காரர்களைப் பட்டுக்கடைக்கு அழைத்துக்கொண்டு போய் விட்டால் கடைக்காரர்கள் கமிஷன் தருவார்கள். கமிஷன் வந்த கையோடு குடி வந்தது. அவன் மனைவி மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். பெண்ணுக்கு அப்போது பேச்சுகூடத் திருந்தவில்லை. குடித்துக் குடித்து ஆட்டோவும் போன பிறகுதான் பாட்டில் விற்கிற வேலை. தறியைப் பிரித்தானே தவிர தறிக்குழியை மூடவில்லை. வீட்டு நடுவில் ஆள் உட்கார்ந்து மிதிக்கிற பள்ளம் அப்படியே இருந்தது. அதன்மேல் பலகை போட்டு, பலகைமேல் பாய் போட்டு, பாய்மேல் குழந்தையின் புத்தகப் பையை வைத்திருந்தான். பாட்டில்கள் பள்ளத்துக்குள்.

ஜன்னலைத் தட்டினால் பாட்டிலை எடுத்துக் கொடுத்தது யார் என்பது போலீஸ் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். அவன் தூக்கத்தில் கிடப்பான். குழந்தை எழுந்து, பையை நகர்த்தி, பலகையைத் தூக்கி, குவார்ட்டரை எடுத்து ஜன்னல் கம்பி வழியாக நீட்டும். பிறகு பல் தேய்த்து, தலை வாரி, பள்ளிக்கூடம் போகும். நாலாம் வகுப்பு. எதிர்வீட்டுக்காரி இதை எனக்கு விவரமாகச் சொன்னாள். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ஊர் வம்பு எனக்கெதுக்கு என்றாள். ஊர் வம்பைத் தவிர வேறு எதுவும் பேசாதவள் அவள்.

எங்கேயோ ஒரு மாவட்டத்தில் விஷச் சாராயம் குடித்துப் பலர் செத்துப்போன பிறகு மதுவிலக்குச் சட்டத்தை இறுக்கியிருந்தார்கள். அந்த இறுக்கத்தில் இவன் மாட்டினான். அதோடு, பிள்ளையைக் கொண்டு மது விற்றதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. சரியான சட்டம். அவனுக்கு அது வேண்டியதுதான். வந்த பெண் போலீஸ் நல்ல மாதிரி. குழந்தைக்குப் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்து, புத்தகப் பையையும் எடுத்துக்கொள்ளச் சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டு போனாள். நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் ஜீப் போய்விட்டது. ஸ்டேஷனில் கேட்டால், குழந்தைகள் நலக் கமிட்டியில் ஒப்படைத்தாகிவிட்டது, இனி அவர்கள்தான் சொல்ல வேண்டும் என்றார்கள். வாலாஜாபாத் சாலையில் ஒரு பெண் குழந்தைகள் இல்லத்தில் அவளைச் சேர்த்தார்கள்.

நான் அத்தை. எனக்குப் பிள்ளை இல்லை. தாய் செத்த நாளிலிருந்து அந்தக் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்தது, சடை பின்னியது, அம்மை போட்டபோது வேப்பிலை விரித்துப் பக்கத்தில் படுத்தது எல்லாம் நான்தான். பகல் முழுக்க என் வீட்டில் இருப்பாள். ராத்திரி மட்டும் அப்பனோடு போவாள். அப்பா பாவம், தனியாக இருக்கும் என்பாள். அவளை என்னிடம் கொடுங்கள் என்று கமிட்டிக்கு மனுப் போட்டேன். சொந்தக்காரர்களிடம் கொடுக்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது என்றார்கள். முதலில் வீட்டை வந்து பார்ப்பார்களாம். பார்க்கட்டும், என் வீட்டில் என்ன பள்ளமா இருக்கிறது என்று நினைத்தேன். பள்ளம் இருந்தது, ஆனால் அதில் தறி இருந்தது.

இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சேலை நெய்யத் தறியில் நீளவாக்கில் கட்டுகிற நூல்தான் பாவு. ஒரு பாவு தீர்ந்ததும் பழைய இழைகளின் முனையோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் சாம்பலைத் தொட்டுக்கொண்டு இரண்டு முனையையும் சேர்த்து ஒரு முறுக்கு. முடிச்சு கிடையாது, முறுக்கு மட்டும். ஆயிரக்கணக்கான இழை, நாள் முழுக்க உட்கார்ந்து பெண்கள் செய்கிற வேலை. அதில் முதல் இழையை மட்டும் வீட்டுப் பெண் குழந்தை முறுக்கித் தர வேண்டும். குழந்தையைத் தலைக்குக் குளிப்பாட்டி, தறிப் பக்கத்தில் கோலம் போட்டு, மணை போட்டு உட்கார வைத்து, பொட்டு வைத்து, ஒரே ஒரு இழை. பிறகு கையில் வெல்லம் கொடுத்து விளையாட அனுப்பிவிடுவோம். இதைச் செய்யாமல் எங்கள் வீட்டில் எந்தப் பாவும் ஏறியதில்லை. வீட்டுப் பெண் ஊருக்குப் போயிருந்தால் வருகிறவரைக்கும் பாவு காத்திருக்கும்.

தம்பி பெண்ணை முதன்முதலாக உட்கார வைத்தபோது தெருவில் வாய்கள் திறந்தன. தாயை முழுங்கினவள் கை வைத்தால் பாவு உருப்படுமா, இழை இழையாக அறும் பார் என்றார்கள். என் காதுபடவே சொன்னார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு பாவுக்கும் வாசல் கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டுதான் அவளை மணையில் உட்கார வைத்தேன். வருகிறவள் போகிறவள் எல்லாம் பார்க்கட்டும் என்று. அந்தப் பாவுகள் நன்றாகத்தான் ஓடின. அவளுக்கும் அதில் ஒரு பெருமை. பாவு தீர்ந்துவிட்டதா, எப்போது தீரும் என்று வாரக்கணக்காக நச்சரிப்பாள். இது அத்தை வீடு இல்லை, தன் வீடு என்று அவளுக்குத் தோன்றியது அந்த மணையில்தான் என்று நினைக்கிறேன்.

அவளை இல்லத்துக்குக் கொண்டுபோன சில நாளில் தறியில் இருந்த பாவு தீர்ந்தது. முதலாளி புதுப் பாவு கொடுத்து அனுப்பினார். அரக்கில் பச்சைக் கரை. என் கணவர் அதை வெள்ளைத் துணியில் சுற்றி உத்தரத்தில் தொங்கவிட்டார். அதிகம் பேசாத மனிதர்.

"பாப்பா வரட்டும்மா. அது கை வெக்காம இன்னா பாவு?" என்றார்.

எனக்கும் அதே நினைப்பு. அவள் இல்லாமல் ஏற்றினால் தெரு சொன்னது சரி என்று நாங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். தறி சும்மா நின்றது. அவர் வேறொருவர் தறிக்குக் கூலிக்குப் போனார். நான் வீட்டைச் சுண்ணாம்படித்து, மணையைக் கழுவிக் காயவைத்து, தறிப் பக்கத்தில் அவள் இடத்தில் போட்டு வைத்தேன். இன்றைக்கு விடுவார்கள், நாளைக்கு விடுவார்கள் என்று காத்திருந்தோம். இல்லத்தில் பார்க்க விட்ட நாளில், உனக்காகத்தான் தறி நிற்கிறது என்று அவளிடமும் சொல்லியிருந்தேன்.

வீட்டைப் பார்க்க வந்த அதிகாரி சின்னப் பெண். ஸ்கூட்டரில் வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றியதும் வேர்வையில் முடி ஒட்டியிருந்தது. தண்ணீர் கொடுத்தேன், காபி கொடுத்தேன். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. அவளுக்கும் என்னைப் பிடித்தது என்றுதான் இன்றும் நம்புகிறேன். குழந்தை எங்கே படுப்பாள், எங்கே படிப்பாள், கழிப்பறை உண்டா, வீட்டில் யாராவது குடிப்பார்களா என்று கேட்டுக்கொண்டே வந்தவள் தறிக்கு முன்னால் நின்றாள். தறி ஏன் ஓடவில்லை என்றாள். மேலே தொங்குகிற மூட்டை என்ன என்றாள். அந்தச் சின்ன மணை யாருக்கு என்றாள்.

நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். பாப்பாவுக்காகத்தான் தறியை நிறுத்தி வைத்திருக்கிறோம், அவள் வந்து முதல் இழை முறுக்கினால்தான் வேலை தொடங்கும், அது அவள் இடம் என்று சொன்னேன். இதைவிடப் பெரிய அத்தாட்சி வேறென்ன வேண்டும்? ஒரு நெசவுக்காரன் வீட்டில் தறியை நிறுத்தி ஒரு குழந்தைக்காகக் காத்திருப்பது என்றால் என்னவென்று இந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தப் பெண் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினாள். மணையை போனில் படமும் எடுத்துக்கொண்டாள். நான் மணையைக் கொஞ்சம் வெளிச்சத்துக்கு நகர்த்திக்கூடக் கொடுத்தேன்.

அவள் எங்கள் பக்கத்துப் பெண் இல்லை. தெற்கே எங்கேயோ. ஆனால் காஞ்சிபுரம் என்றதும் அவள் படித்த பாடத்தில் என்ன எழுதியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் வைத்து நெய்கிற கோர்வைச் சேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். நடுவில் நெய்கிறவர் ஒருவர், ஓரத்தில் உட்கார்ந்து கரை நூல் வைத்த ஓடத்தை, அதுதான் நாடா, தள்ளுகிறவர் ஒருவர். அந்த ஓரத்து ஆள் அந்தக் காலத்தில் குழந்தைதான். நான் ஏழு வயதில் அங்கே உட்கார்ந்தவள். பள்ளிக்கூட மணி எங்கள் வீட்டுக்குக் கேட்கும். கேட்கும்போதெல்லாம் அப்பா நாடாவைப் பார்க்கச் சொல்லித் தலையில் குட்டுவார். பிறகு அதிகாரிகள் வீடு வீடாக வந்து குழந்தைகளைத் தறியிலிருந்து எழுப்பிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். என் தெருவுக்கு அவர்கள் வந்தபோது எனக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. அந்தச் சட்டத்தைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. தம்பி பெண்ணை ஓரத்தில் உட்கார வைப்பதில்லை என்று நான் முடிவு செய்து வைத்திருந்ததும் அதனால்தான். எங்கள் தறியில் ஓரத்தில் உட்கார்ந்து கரை தள்ளுகிறவள் இன்றைக்கும் நான். இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. கேட்காததற்கு ஏன் பதில் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

கமிட்டி கூடிய அன்று கணவரும் நானும் பட்டு கட்டிக்கொண்டு போகவில்லை. எளிமையாகப் போக வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். ஒரு மேசை, அதற்குப் பின்னால் நாலைந்து பேர். நடுவில் இருந்தவர் நரைத்த கொண்டை போட்ட அம்மாள். பார்த்தால் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் மாதிரி இருந்தார். குழந்தையை இல்லத்திலிருந்து அழைத்து வந்திருந்தார்கள். தலையில் எண்ணெய் வழிய இறுக்கிச் சடை போட்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஓடி வரவில்லை. ஓடக்கூடாது என்று சொல்லியிருப்பார்கள் போல. பார்வையாலேயே என்னை மேலும் கீழும் தடவினாள்.

அந்த அம்மாள் அவளிடம் அன்பாகத்தான் கேட்டார். அத்தை வீட்டுக்குப் போகப் பிடிக்குமா என்றார். பிடிக்கும் என்றாள். அங்கே போய் என்ன செய்வாய் என்றார். இல்லத்தில் நல்ல பிள்ளை என்றால் வேலை செய்கிற பிள்ளை. தட்டு கழுவினால் நல்ல பிள்ளை, பாய் மடித்தால் நல்ல பிள்ளை. குழந்தை தன்னால் என்ன முடியும் என்று காட்ட ஆசைப்பட்டுவிட்டாள்.

"எங்க அத்தை வீட்ல நான்தான் பாவ ஆரம்பிச்சு வெப்பேன். நான் வராம தறி சும்மாவே நிக்குது. எனக்கு நல்லா முறுக்க வரும் மேடம்" என்றாள்.

அதோடு விடவில்லை. பாவாடையின் ஓரத்திலிருந்து நூலை இழுத்துப் பிய்த்து, இரண்டு துண்டாக்கி, விரலை உதட்டில் ஈரம் செய்துகொண்டு, ஒரே முறுக்கில் சேர்த்து, இழுத்துக் காட்டினாள். அறவில்லை. மேசைமேல் கொண்டுபோய் வைத்தாள். எனக்குப் பூரிப்பில் கண் கலங்கிவிட்டது. எத்தனை நேர்த்தி, சாம்பல்கூட இல்லாமல். கணவரும் சிரித்தார். பிறகுதான் மேசைக்குப் பின்னால் இருந்த முகங்களைப் பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஸ்கூட்டர் பெண் தன் கோப்பைப் புரட்டி, அந்த மணையின் படத்தை எடுத்து அம்மாளுக்கு முன்னால் நகர்த்தினாள்.

அந்த அம்மாள் குழந்தையை அருகில் கூப்பிட்டு, வலது கையை வாங்கி, கட்டைவிரலைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, இந்தக் கைய எதுக்குப் பழக்கினீங்க?" என்றார்.

வாய்க்குப் பஞ்சமில்லாதவள் நான். எல்லாம் ஒன்றாக வந்தது. ஒரு பாவுக்கு ஒரு இழைதான், அதுவும் வேலை இல்லை, சாமி கும்பிடுவது மாதிரி என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. கணவர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். உட்காருங்கள் என்றார்கள். தறி எத்தனை நாளாக நிற்கிறது, வருமானத்துக்கு என்ன செய்கிறீர்கள், குழந்தை வந்தால்தான் தறி ஓடும் என்று சொன்னது உண்மையா என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் உண்மையைத்தான் சொன்னோம். நாங்கள் சொன்ன ஒவ்வொரு உண்மையும் அவர்கள் பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. கெட்டவர்களாக இருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அப்பன் பாட்டில் விற்க வைத்த பிள்ளை, அத்தை தறிக்குக் கேட்கிறாள் என்று அவர்களுக்குத் தோன்றியது. என் சின்ன வயதில் எத்தனை கைகளை அந்தத் தறி ஓரத்தில் பார்த்தேனோ அத்தனையையும் நினைத்துக்கொண்டால், அவர்கள் இடத்தில் நானும் கொடுத்திருக்க மாட்டேன். குழந்தையின் நலன் கருதி அவள் இல்லத்திலேயே தொடரட்டும் என்று உத்தரவு. வெளியே வரும்போது குழந்தை என்னைப் பார்த்து, சரியாகச் செய்தேனா என்பது போலப் புருவத்தை உயர்த்தினாள். நான் தலையை ஆட்டினேன்.

தம்பி மேல் வழக்கு நடந்து, சில மாதம் தண்டனை ஆகி, வேலூர் ஜெயிலில் இருந்தான். மனு எழுதிக் கொடுத்து அவனைப் பார்க்கப் போனேன். கமிட்டியில் நடந்ததைச் சொல்லத்தான் போனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றான். முகம் தெளிந்து, கன்னம் கொஞ்சம் நிறைந்திருந்தது. உள்ளே குடி இல்லையல்லவா. இத்தனை வருஷத்தில் அவனை அப்படிப் பார்த்து நாளாகியிருந்தது. வாய் நிறையச் சிரித்தான்.

"அக்கா, இங்க இன்னா வேல குடுத்துக்கிறாங்க தெரியுமா? தறி. போர்வ நெய்யறேன். கைதி திருந்தறதுக்குத் தறிதான் நல்லதுன்னு சொல்றாங்க. நமக்கே கத்துக் குடுக்கிறாங்கக்கா" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பலமாகச் சிரித்துவிட்டேன். காவலுக்கு நின்றவர் திரும்பிப் பார்த்தார். அப்பனைத் திருத்தத் தறியில் உட்கார வைத்திருக்கிறார்கள், பெண்ணைக் காப்பாற்றத் தறியிலிருந்து பிரித்து வைத்திருக்கிறார்கள். இரண்டும் நல்ல எண்ணம்தான். சிரித்து முடித்த பிறகு அவனிடம் குழந்தை விஷயத்தைச் சொன்னேன். அவன் வலையைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டான். வெளியே வந்ததும் குடிக்க மாட்டேன், கமிட்டியில் வந்து காலில் விழுகிறேன், பாப்பாவை உன்னிடம் கொடுக்கச் சொல்கிறேன் என்று அழுதான். நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். பஸ்ஸில் வரும்போது அவன் சொன்னதை நான் நம்பினேன் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

அவன் வெளியே வந்த நாளில் நானும் கணவரும் போய் அழைத்து வந்தோம். வீட்டில் குளித்தான், சாப்பிட்டான், தறியைத் தொட்டுக் கும்பிட்டான். மணை கிடந்த இடத்தைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அடுத்த வாரம் கமிட்டி. அதுவரைக்கும் என் வீட்டிலேயே இரு என்றேன். சரி என்றான். இரண்டு மூன்று நாள் இருந்தான். ஒருநாள் மதியம் பீடி வாங்கப் போகிறேன் என்று கிளம்பினான். கடை திறக்கிற நேரம். நான் வாசல் வரைக்கும் போய் நின்றேன், கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் மட்டும் என்ன. சட்டப்படி திறந்த கடையில், சட்டப்படி வாங்கி, சட்டப்படி குடித்தான். யாரும் அவனைப் பிடிக்கவில்லை. கமிட்டி நாளன்று அவனை எழுப்ப முடியவில்லை. நாங்கள் மட்டும் போனோம். தகப்பன் வந்து எழுதிக் கொடுக்காமல் எதுவும் செய்வதற்கில்லை என்று வேறொரு நாளுக்குத் தள்ளி வைத்தார்கள். அந்த வேறொரு நாளும் தள்ளிப்போனது.

அதுவரை தவணை சொல்லிச் சமாளித்திருந்தோம், இப்போது முதலாளி பாவைத் திரும்பக் கேட்டு ஆள் அனுப்பினார். நியாயம்தான். கல்யாணச் சேலை, எத்தனை நாள் உத்தரத்தில் தொங்கும்? திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கணவர் கேட்டார். நான் ஒரு யோசனை செய்தேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இல்லத்தில் பார்க்க விடுவார்கள். பழைய பாவிலிருந்து ஒரு முழம், புதுப் பாவிலிருந்து ஒரு முழம் இழை எடுத்து ஜாக்கெட்டுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டேன். சாம்பலுக்குப் பதில் ஏகாம்பரநாதர் கோயில் திருநீறு. பிரசாதம் என்றால் தடுக்க மாட்டார்கள். அங்கேயே அவள் முறுக்கிக் கொடுத்தால் கொண்டு வந்து முதல் இழையாகத் தறியில் சேர்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். சாமி ஒத்துக்கொள்ளும் என்று கணவரும் சொன்னார்.

இல்லத்து வாசலில் பையைப் பார்த்தார்கள். அவள் தின்னக் கொண்டுபோன முறுக்கை எடுத்து வைத்துக்கொண்டார்கள், திருநீற்றை விட்டார்கள். குழந்தை வேப்பமரத்தடிக்கு வந்தாள். வளர்ந்திருந்தாள். பாவாடை கணுக்காலுக்கு மேல் ஏறியிருந்தது. அப்பா எப்படி இருக்கிறார் என்றாள். வேலைக்குப் போகிறார் என்றேன். நெற்றியில் திருநீறு பூசிவிட்டேன். பொறுப்பாளர் அம்மாள் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து இழைகளை எடுத்து அவள் மடியில் போட்டேன். திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினேன். அவள் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பார்த்ததும் புரிந்துகொண்டாள். விரல்கள் தன்னால் எழுந்தன. அதை நான் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன்.

பிறகு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேணாம் அத்த. இத பண்ணேன்னுதான் என்ன உடல" என்றாள். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இப்ப யாரு கேட்டாலும் எனக்குத் தறி தெரியாதுன்னு சொல்லிக்கினு இருக்கறேன். அடுத்த தபா கேட்டா உங்க வீட்ல தறியே இல்லன்னு சொல்லட்டா?"

நான் இழைகளை எடுத்துத் திரும்ப ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

"சொல்லு" என்றேன்.

பொறுப்பாளர் அம்மாள் நேரமாகிவிட்டது என்றார். அவள் எழுந்து போனாள். கதவைத் தாண்டி உள்ளே போகிறவரைக்கும் கை பின்னால்தான் இருந்தது.

மறுநாள் காலையில் கணவர் பாவை உத்தரத்திலிருந்து இறக்கினார். மணையை எடுத்து அடுப்படிக்குள் போட்டேன். கோலம் போடவில்லை. வாசல் கதவைச் சாத்தினேன். முதல் இழையை நானே முறுக்கினேன். பிள்ளை பெறாதவள் கை. பாதியிலேயே அறும், நாள் முழுக்க அறுந்துகொண்டே இருக்கும், அவள் இல்லாமல் ஆகாது என்று தறியே சொல்லிவிடும் என்று எதிர்பார்த்தேன். வேண்டிக்கொள்ளவும் செய்தேன்.

ஒரு இழைகூட அறவில்லை. சேலை நன்றாக வந்தது. முதலாளி கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இதுவரை நீங்கள் நெய்ததிலேயே இதுதான் சுத்தம் என்றார். அடுத்த பாவையும் அப்போதே கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தோம்.